மூன்று மணி நேரச் சண்டை, இரண்டரை நாள் கயிற்று வேலை

அக்கா மகன் ஏதோ கடற்கொள்ளைக்காரன் படம் பார்த்துவிட்டு வந்திருந்தான். தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, அந்தக் காலத்துல ரெண்டு பாய்மரக் கப்பல் பக்கத்துல பக்கத்துல நின்னு சுட்டுக்கிட்டா, யாருக்குப் பீரங்கி கூட இருக்கோ அவன்தான ஜெயிப்பான்? இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?"

இரண்டு டீ சொன்னேன், ஒன்றில் சீனி குறைவாக. கையை நீட்டிக் கடலைக் காட்டினேன். "இந்த மன்னார் வளைகுடாவுலயே அப்படி ஒரு சண்டை நடந்திருக்கு. கேக்கியா?"

1808-ஆம் வருடம், மார்ச் 6 காலையில் தொடங்கி 8 மாலை வரை. ஒரு பக்கம் 'சான் ஃபியோரென்சோ' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். கேப்டன் ஜார்ஜ் நிக்கோலஸ் ஹார்டிங், வயது 26. மறுபக்கம் 'பியெமோன்டேஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல். கேப்டன் ஜாக் எப்ரோன். இரண்டுமே ஃபிரிகேட் வகை.

ஃபிரிகேட் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைய கடற்படையின் யானைகள் வேறு: இரண்டு மூன்று தளங்களில் 74, 100 என்று பீரங்கி அடுக்கிய பெரிய கப்பல்கள். அவை கூட்டமாக வரிசை கட்டி நின்று சண்டை போடும். ஃபிரிகேட் குதிரை மாதிரி. மூன்று பாய்மரம் உண்டு, ஆனால் பீரங்கிக்கென்று மூடிய தளம் ஒன்றுதான். அதற்கு மேலே திறந்த தளத்தில் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் சிறு பீரங்கிகள். ஆக மொத்தம் 36, 38, 40 என்று இருக்கும். வேகமாக ஓடும், தனியாகத் திரியும். வேவு பார்ப்பது, தன் நாட்டு வியாபாரக் கப்பலுக்குக் காவல் போவது, எதிரியின் வியாபாரக் கப்பலை மடக்கிப் பிடிப்பது எல்லாம் இதன் வேலை. தனியாகத் திரிவதால்தான் தன் இனத்து எதிரியையும் தனியாகச் சந்திக்க நேர்கிறது. ஒண்டிக்கு ஒண்டி.

பியெமோன்டேஸின் தொழில் வேட்டை. அன்று பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த மொரீஷியஸிலிருந்து கிளம்பி, கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குக் கப்பல்களைப் பிடிக்கும். 1806 ஜூனில் 'வாரன் ஹேஸ்டிங்ஸ்' என்ற பெரிய கம்பெனிக் கப்பலையே பிடித்திருந்தது. அந்தக் கப்பல் சரணடைந்த பிறகு, பியெமோன்டேஸின் அதிகாரி மோரோ என்பவர் மேலே ஏறி அதன் கேப்டன் லார்கின்ஸைக் கத்தியால் குத்தினார் என்ற கெட்ட பெயர் கடல் முழுக்கப் பரவியிருந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகும் ஆங்கிலேயர்கள் அதை மறக்கவில்லை.

ஹார்டிங் மார்ச் 4-ஆம் தேதி இலங்கைக் கரையிலிருந்து பம்பாய்க்குக் கிளம்புகிறார். 6-ஆம் தேதி காலை கன்னியாகுமரிக்குத் தெற்கே சார்ல்டன், மெட்காஃப், டெவன்ஷயர் என்ற மூன்று கம்பெனிக் கப்பல்களைக் கடக்கிறார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பாய் தெரிகிறது. அது அந்த மூன்றையும் நோக்கிப் போகிறது.

இங்கே ஒரு சின்ன விஷயம். அந்தக் காலத்தில் கொடியை நம்ப முடியாது. எதிரியின் கொடியை ஏற்றிக்கொண்டு கிட்டே வருவது சாதாரண தந்திரம். சுடுவதற்கு முன்னால் சொந்தக் கொடியை ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் மரியாதை. அதனால் ஒவ்வொரு கடற்படைக்கும் ரகசிய அடையாளக் கொடிகள் உண்டு. கேள்விக் கொடி ஏற்றினால் சரியான பதில் கொடி வர வேண்டும். ஹார்டிங் கேட்டார். பதில் வரவில்லை. அவர் தன் கொடியைக் காட்டினார். அந்தக் கப்பல் திரும்பி ஓட ஆரம்பித்தது.

"ஓடுனானா? அவன்ட்ட ஆளு கம்மியா?"

இல்லை. ஆள் அங்கேதான் அதிகம். 366 பிரெஞ்சுக்காரர்கள், அதுபோகக் கிட்டத்தட்ட 200 லஸ்கர்கள். இந்த அளவுக் கப்பலுக்கு 250, 300 பேரே வழக்கம். பீரங்கியும் பிரெஞ்சுக் கப்பலில்தான் கூடுதல். அப்படியிருந்தும் எப்ரோன் ஏன் ஓடினார் என்றால், அவர் கோழை என்பதால் இல்லை. கணக்குத் தெரிந்தவர் என்பதால். பியெமோன்டேஸுக்கு ஒரு மரம் முறிந்தால் மாற்ற வேண்டிய துறைமுகம் மொரீஷியஸ். சுமார் 3,800 கிலோமீட்டர். சான் ஃபியோரென்சோவுக்குக் கொழும்பு 300 கிலோமீட்டருக்குள். வேட்டைக்கு வந்தவன் சண்டையில் ஜெயித்தாலும், மரம் உடைந்த கப்பலோடு நடுக்கடலில் நின்றால் தோற்றவன்தான். அடுத்து வருகிற எந்த ஆங்கிலக் கப்பலுக்கும் அவன் இரை.

உன் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே வந்துவிட்டது. இந்தச் சண்டைகளில் இரண்டு பேரும் முதலில் பார்ப்பது பீரங்கியை இல்லை, பாயையும் மரத்தையும்தான்.

பகல் முழுக்கத் துரத்தல். இரவு பதினொன்றரை மணிக்கு மேல் ஹார்டிங் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய 200 கஜ தூரம். பத்தே நிமிடம் சுட்டுக்கொண்டார்கள். பியெமோன்டேஸ் பாயை விரித்து மறுபடி இருட்டுக்குள் முன்னேறிவிட்டது.

டீ வந்தது. "மாஸ்டர் டீ போடுறதப் பாத்தியா?" என்றேன். பாலை ஊற்றி, டிகாஷன் விட்டு, இரண்டு ஆற்று ஆற்றிக் கண்ணாடி கிளாஸில் நுரையோடு வைக்க அவருக்கு ஒன்றரை நிமிடம். நல்ல பழக்கமுள்ள பீரங்கிக் குழு ஒரு தடவை சுட்டு மறுபடி சுடவும் அதே ஒன்றரை, இரண்டு நிமிடம்தான்.

அந்த நேரத்தில் என்னவெல்லாம் நடக்கிறது பார். ஃபிரிகேட்டின் முக்கியப் பீரங்கி பதினெட்டு ராத்தல் குண்டு போடுவது. எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடையுள்ள இரும்பு உருண்டை. பீரங்கியே இரண்டு டன். அது சக்கரம் வைத்த கட்டையில் உட்கார்ந்திருக்கும். சுட்டதும் பின்னால் பாயும். தாம்புக்கயிறு மாதிரி ஒரு தடித்த வடம் அதைப் பிடித்து நிறுத்தும். வடம் அறுந்தால் இரண்டு டன் இரும்பு தளத்தில் தறிகெட்டு ஓடும், எதிரிக் குண்டைவிட மோசம். பின்னுக்கு வந்த பீரங்கியின் வாய்க்குள் ஈர ஸ்பாஞ்சு கட்டிய கம்பை விட்டுத் துடைக்க வேண்டும், உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தாலும் அடுத்த மருந்துப் பை கையிலேயே வெடிக்கும். பிறகு ஃபிளானல் துணியில் தைத்த வெடிமருந்துப் பை, குண்டு, அதை அடைக்கப் பழைய கயிற்றுச் சுருணை. கம்பால் இடித்து இறுக்கு. ஒன்பது பத்துப் பேர் கப்பிக்கயிற்றை இழுத்து, ஆடுகிற தளத்தில், பீரங்கியைச் சன்னலுக்கு வெளியே தள்ளு. மேல் துளை வழியாகப் பையைக் குத்து, மருந்து வை, குறி பார், விசைக்கயிற்றை இழு. கீழே வெடிமருந்து அறையிலிருந்து பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது பெரும்பாலும் பையன்கள். உன்னைவிட அஞ்சாறு வயது குறைந்தவர்கள்.

இதில் ஒருவர் ஒரு வேலையைத் தவறவிட்டால் ஒன்றரை நிமிடம் மூன்று நிமிடமாகிவிடும். மூன்று நிமிடமானால் உன் 20 பீரங்கி 10 பீரங்கிக்குச் சமம். எண்ணிக்கையை நம்பாதே என்பது அதனால்தான். இன்னொன்று: கப்பலில் இருக்கிற பீரங்கி எல்லாம் ஒரே நேரத்தில் பேசாது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். எதிரி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மட்டும்தான் சுடும்.

மார்ச் 7, விடிந்ததும் ஆறரை மணி வாக்கில் இரண்டாவது சுற்று. அரை மைலில் தொடங்கிக் கால் மைலுக்கு நெருங்கினார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் போல அடி. இந்தச் சுற்றில்தான் இரண்டு கடற்படைகளின் குணமும் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது.

கப்பல் அலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே இருக்கும். உன் பக்கம் மேலே எழும்பும்போது சுட்டால் குண்டு உயரப் போகும். எதிரியின் பாய், கயிறு, மரத்தில் படும். உன் பக்கம் கீழே தாழும்போது சுட்டால் குண்டு எதிரியின் உடம்பில் படும். பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் மேலே சுடுவார்கள். ஓடி வேலை பார்க்க வேண்டியவனுக்கு, துரத்துகிறவன் காலை முறிப்பதுதானே லாபம்? ஆங்கிலேயர்கள் உடம்பில் சுடுவார்கள். மரப்பலகையைக் குண்டு துளைக்கும்போது உள்பக்கம் தெறிக்கிற சிராய்கள் இருக்கின்றனவே, முழ நீளச் சிராய்கள், பல சமயம் குண்டைவிட அவைதான் அதிகம் பேரைக் கிழிக்கும். பீரங்கிக்காரன் விழுந்தால் பீரங்கி ஊமை.

அன்று காலை எட்டரை மணிக்குள் சான் ஃபியோரென்சோவின் நிலைமை என்ன? பெரிய மரத்தின் பருமல் ஒன்று குண்டு துளைத்து நிற்கிறது. (பருமல் என்பது பாயைத் தொங்கவிடும் குறுக்குமரம். நம் கரையில் இந்தச் சொல் இன்னும் சாகவில்லை.) மரத்தைத் தாங்குகிற கயிறுகள் அறுந்துவிட்டன. பாய்கள் கந்தல். அந்தப் பக்கம் பியெமோன்டேஸின் பீரங்கிச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்திருந்தது; ஆனால் அதன் பாய்கள் இன்னும் வேலை செய்தன. எல்லாப் பாயையும் விரித்துக்கொண்டு மறுபடி கிளம்பிவிட்டது. ஹார்டிங்கால் தொடர முடியவில்லை. அடி வாங்கியவன் ஓடுகிறான், அடித்தவன் நிற்கிறான். வேடிக்கையான காட்சி.

"அப்போ பிரெஞ்சுக்காரன் தப்பிச்சுட்டானா?"

இங்கேதான் நீ பார்த்த சினிமா ஏமாற்றுகிறது. அவர்கள் காட்டாத பகுதி இது. மார்ச் 7 பகல் முழுக்க, இரவு முழுக்க, சான் ஃபியோரென்சோவில் நடந்தது கயிற்று வேலை. அறுந்த வடங்களின் புரியைப் பிரித்து ஒன்றோடொன்று கோத்து முறுக்குவது. கிழிந்த பாயை இறக்கிப் புதுப் பாய் கட்டுவது. துளைபட்ட மரத்துக்கு என்ன செய்வார்கள் தெரியுமா? நம் ஊரில் கை ஒடிந்தால் எலும்பு வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவாரே, அதே வைத்தியம்தான். நீளமான கட்டைகளை மரத்தைச் சுற்றி ஒட்டவைத்து, கயிற்றை இறுக்கமாகச் சுற்றிக் கட்டுவார்கள். இதையெல்லாம் ஆடுகிற மரத்தின் மேல், தளத்திலிருந்து தென்னை உயரத்துக்கு இரண்டு மடங்கில் நின்றுகொண்டு செய்ய வேண்டும். அதே நேரத்தில் எதிரியைக் கண்ணிலிருந்து விடக்கூடாது. இருட்டில் விட்டுவிட்டால் கடல் அவனை விழுங்கிவிடும்; காலையில் எந்தத் திசையில் தேடுவாய்?

என்னைக் கேட்டால் இந்தச் சண்டையின் வெற்றி அந்த ராத்திரியில் முடிவாகிவிட்டது. பீரங்கி அதை மறுநாள் உறுதி செய்தது, அவ்வளவுதான்.

மார்ச் 8 காலை ஒன்பது மணிக்கு, ஒட்டுப்போட்ட கப்பல் எல்லாப் பாயும் விரித்துப் பியெமோன்டேஸை நோக்கி வருகிறது. இனி ஓடிப் பயனில்லை என்று மத்தியானத்துக்கு மேல் எப்ரோனுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினார். இரண்டு கப்பலும் எதிரும் புதிருமாக, ஒன்றையொன்று கடக்கிற மாதிரி வந்தன. நான் பெஞ்சில் இரண்டு டீ கிளாஸை எதிரெதிரே நகர்த்திக் காட்டினேன். கடக்கும்போது ஒவ்வொரு பீரங்கியும் தன் முறை வந்ததும் பேசும். பிரெஞ்சுக் கப்பலின் இரண்டாவது வரிசைச் சூட்டில் ஹார்டிங் செத்தார். கிரேப் என்று சொல்லுகிற, கொத்துக் கொத்தாகத் தெறிக்கிற சிறு குண்டு.

கேப்டன் ஏன் இவ்வளவு சுலபமாகச் சாகிறார் என்று கேட்பாய். அவர் நிற்கிற இடம் அப்படி. பின்பக்கத் திறந்த தளத்தில், சுக்கானுக்குப் பக்கத்தில், எல்லாருடைய கண்ணிலும் படுகிற மாதிரி நிற்க வேண்டும். குனியக் கூடாது, மறையக் கூடாது. பீரங்கிக்காரனுக்காவது முன்னால் பலகை உண்டு.

லெஃப்டினன்ட் வில்லியம் டாசன் பொறுப்பெடுத்தார். கடந்து போனதும் கப்பலைச் சுற்றித் திருப்பி, மறுபடி பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். இந்தக் கடைசிச் சுற்று ஒரு மணி இருபது நிமிடம். அது முடிந்தபோது பியெமோன்டேஸ் கொடியை இறக்கியது. அதன் ஆட்கள் தொப்பியை ஆட்டிப் படகு அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள்.

சான் ஃபியோரென்சோவில் மூன்று நாளுக்கும் சேர்த்து 13 பேர் சாவு, 25 பேருக்குக் காயம். பியெமோன்டேஸில் 48 பேர் சாவு, 112 பேருக்குக் காயம். மேலே சுட்டவனுக்கும் கீழே சுட்டவனுக்கும் உள்ள வித்தியாசம் இந்த எண்ணிக்கையில் இருக்கிறது. ஆனால் மரம் மட்டும் தப்பியது என்று நினைத்துவிடாதே. அன்றிரவே பியெமோன்டேஸின் மூன்று மரங்களும் கடலில் சாய்ந்தன. பகலில் ஒரு மாதிரி நின்றவை, ராத்திரி அலையில் ஆடி ஆடி விழுந்துவிட்டன. சிம்பு வைத்துக் கட்ட அங்கே நேரமும் இல்லை, ஆளும் இல்லை.

அந்தக் கத்திக்கார மோரோ? பலத்த காயம். ஆங்கிலேயர் கையில் சிக்க மனமில்லாமல் கடலில் விழுந்து செத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. ஆங்கிலேயர்கள் ரசித்துச் சொன்ன கதை என்பதால் கொஞ்சம் உப்புச் சேர்த்தே கேட்க வேண்டும்.

"மாமா, அந்த 200 லஸ்கர்னு சொன்னீங்களே, அவங்க யாரு?"

நல்ல கேள்வி. லஸ்கர் என்றால் இந்தியக் கடல் பக்கத்திலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் வேலைக்குப் போன மாலுமிகள். பாயைக் கட்டுவது, இழுப்பது, இறக்குவது எல்லாம் அவர்கள் வேலை என்று டாசனின் அறிக்கையே சொல்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கியில் நிற்க, மேலே பருமலில் ஏறி நின்று கயிறு பிடித்தவர்கள் அவர்கள். பியெமோன்டேஸ் இரண்டு தடவை தப்பி ஓடியதே அந்தக் கைகளால்தான். அறிக்கையில் அவர்களுக்கு ஒரே வரி.

மொத்தமாகக் கூட்டிப் பார். முதல் நாள் பத்து நிமிடம், இரண்டாம் நாள் ஒன்றே முக்கால் மணி, மூன்றாம் நாள் ஒன்றே கால் மணிக்குக் கொஞ்சம் மேல். பீரங்கி பேசியது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. மீதி இரண்டரை நாளும் துரத்தல், கயிறு, ஊசி, நூல், காற்றுப் பார்ப்பது.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சான் ஃபியோரென்சோ என்கிற இந்த ஆங்கிலக் கப்பலே பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. 1782-இல் தூலோன் துறைமுகத்தில் 'மினெர்வ்' என்ற பெயரோடு கடலில் இறங்கியது. 1794-இல் கோர்சிகா தீவின் சான் ஃபியோரென்சோ விரிகுடாவில் மூழ்கிக் கிடந்ததை ஆங்கிலேயர்கள் தூக்கி நிமிர்த்தி, அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். பியெமோன்டேஸுக்கும் அதே கதிதான். பெயர்கூட மாற்றாமல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, 1810-இல் டச்சுக்காரர்களின் பாண்டா தீவைப் பிடிக்கப் போனது. பிடித்த கப்பலைக் கொளுத்தாமல் வைத்துக்கொள்வதற்குக் காரணம் காசு. கப்பலைக் கடற்படை விலைக்கு எடுத்துக்கொள்ளும், பணம் கேப்டன் முதல் பையன்வரை பங்கு பிரியும். போதாததற்கு, சண்டை தொடங்கியபோது எதிரிக் கப்பலில் இருந்த தலை ஒன்றுக்கு 5 பவுண்டு தனி.

டீ முடிந்திருந்தது. கிளாஸைக் கழுவும் தண்ணீரில் வைத்துவிட்டு வந்தோம். பையன் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஃபோனை எடுத்துப் பருமல் என்று தேடினான்.

ஹார்டிங்கின் உடலைக் கொழும்புக்குக் கொண்டுபோய் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அவருடைய தம்பி ஹென்றி ஹார்டிங் பிற்பாடு, 1844-இல், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார். அண்ணனுக்கு லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, மும்பையில் செயின்ட் தாமஸ் பேராலயத்தில் இன்னொன்று. மும்பைக்காரர் யாராவது இதைப் படித்தால், சர்ச்கேட் ஸ்டேஷனில் இறங்கி ஹார்னிமன் சர்க்கிள் பக்கம் நடக்கிற தூரம்தான். ஒரு நாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.